எட்டுத் தலையணை உறை காய்ந்த நரம்பு

அந்தப் பெட்டி வந்தபோது நான் வாசல்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆளை நிற்கவைத்து மூடினால் எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவு நீளம். அகலத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஆள் பல நாளாகச் சாப்பிடாதவன் என்று தோன்றியது. வாடகைக் காரின் முன் சீட்டைச் சாய்த்து, பின் கண்ணாடியில் இடிக்கும்படி அதைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். ஓட்டி வந்தவர் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உள்ள என்ன, பொணமா?" என்று என்னைக் கேட்டார்.

"எதா இருந்தாலும் தொடச்ச எடத்துல வைக்காத," என்றேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளுக்குச் சாயம் பூசித் தங்கும் விடுதியாக மாற்றி வைத்திருக்கிறார்களே, அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை. ஆறு அறை. நடுவில் மேலே திறந்து வெயிலும் மழையும் நேராக விழுகிற சின்ன முற்றம். முதலாளி தமிழ் முஸ்லிம். பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடையும் அவருடையதுதான். என்னைவிட இருபது வயது இளையவர் என்பதால் எனக்குத் தம்பி. எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. ஆனாலும் நான் எல்லோருக்கும் அக்காதான். பாட்டி என்று யாராவது கூப்பிட்டால் எனக்குக் காது கேட்காது.

நான் பிறந்தது ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் துணி வெளுக்கிற டோபிக்காரர் வீட்டில். கட்டிக்கொடுத்ததும் அதே வரிசையில் நாலு வீடு தள்ளி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தெரியாது என்று நானாகப் போய் யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஆனால் துணி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடுதியில் துவைக்கும் மெஷின் உண்டு, உலர்த்தும் மெஷினும் உண்டு. அதில் உலர்ந்த தலையணை உறையைத் தொட்டுப் பாருங்கள், நமுத்த அப்பளம் மாதிரி இருக்கும். நான் கஞ்சி போட்டு வெயிலில் காயவைக்கிறவள். கிளிப்பும் போடமாட்டேன். எங்கள் ஆட்கள் யாரும் போடமாட்டார்கள். இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிட்டால் எந்தக் காற்றும் அதைப் பிடுங்காது. கிளிப் என்பது கயிறு கட்டத் தெரியாதவர்கள் வாங்குகிற சாமான்.

பெட்டிக்குச் சொந்தக்காரி ஒரு தமிழ்ப்பெண். நாற்பது வயது இருக்கும். ஈப்போவில் பிறந்து, பதினைந்து வருடமாக ஐரோப்பாவில் இருக்கிறாளாம். பெட்டியை முற்றத்தில் வைத்துத் திறந்தாள். நானும் தம்பியும் குனிந்து பார்த்தோம்.

பாதிப் பூசணிக்காய் மாதிரி ஒரு குடம். அதிலிருந்து ஒரு கழுத்து. கழுத்து முடிகிற இடத்தில் முளைக்குச்சிகள், அதில் நரம்புகள். அதோடு நிற்க வேண்டியதுதானே? நிற்கவில்லை. அதற்கு மேலே இன்னொரு கழுத்து கிளம்பி, இன்னும் அரை ஆள் உயரம் போய், அங்கே மறுபடியும் குச்சிகள், மறுபடியும் நரம்புகள். தம்பி ஒன்று இரண்டு என்று எண்ணிப் பதினாலில் நிறுத்தினார்.

"இது பேரு தியோர்போ," என்றாள். "நானூறு வருஷத்துக்கு முன்னால இத்தாலியில வாசிச்சது. அம்மா வீணை கத்துக்கச் சொன்னாங்க. நான் போய் இதப் புடிச்சிக்கிட்டேன்."

"வீணை நீளம் பத்தலையாக்கும்," என்றேன்.

அவள் சிரித்தாள். இந்தப் பேச்சுக்குச் சிரிக்கிறவள் நல்லவளாகத்தான் இருப்பாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

"மேல போற எட்டு நரம்பையும் வெரல் வச்சு அழுத்த முடியாது ஆன்ட்டி. கட்டை வெரலால தட்டி விடணும், அவ்வளவுதான். ஒன்னொன்னுக்கும் ஒரே சுரம்."

"ஒரு நரம்புக்கு ஒரே வேலையா? கொடுத்து வச்ச நரம்பு. அது சரி, என்னை அக்கான்னு சொல்லு. எதுக்கு இவ்வளவு நீளம்?"

"கொரல் கீழ போகணும்னா நரம்பு நீளமா இருக்கணும், இல்ல தடியா இருக்கணும். தடியா போட்டா வெறச்சுக்கும், சத்தம் கட்டை மாதிரி வரும். அதுக்குத்தான் நீளம் பண்ணிட்டாங்க."

"நரம்பு எதுல செஞ்சது?" என்று தம்பி கேட்டார்.

"ஆட்டுக் கொடல் அண்ணே."

தம்பி குனிந்து நரம்பை முகர்ந்து பார்த்தார். பிறகு, "நாங்க அதுல கொழம்பு வைப்போம் லா," என்றார்.

கச்சேரி சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மண்டபத்தில். வெளியூரிலிருந்து ஒரு பாட்டுக்காரி வருகிறாள். அவளுக்குப் பக்கத்தில் வாசிக்க இவள் ஒருத்திதான், வேறு வாத்தியம் கிடையாது. நீண்ட நரம்புகள் கீழே நின்று தாங்கினால்தான் அந்தப் பாட்டு நிற்கும் என்றாள். அம்மாவும் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வருகிறாராம், மகள் இத்தனை வருடம் என்னதான் வாசிக்கிறாள் என்று முதல் தடவையாகப் பார்க்க.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேலே அவள் அறையில் டப்பென்று ஒரு சத்தம். கோழியின் தொடை எலும்பை ஒடித்தது போல. அவள் இறங்கி வந்தபோது கையில் ஒரு நரம்பு இரண்டாகத் தொங்கியது. எல்லாவற்றிலும் நீளமான, எல்லாவற்றிலும் கீழ் சுரம் பேசுகிற நரம்பு.

"இந்த ஊரு ஈரம் அக்கா. கொடல் உப்பிப் போயி அறுந்துடுச்சு."

"வேற இல்லையா?"

"அந்தத் தடிமன்ல இல்ல. மெல்லிசா ரெண்டு இருக்கு. அதுல ஒன்ன இழுத்துப் பாத்து, தாங்குறத மாட்டணும். இல்லன்னா நாளைக்கு அவ்வளவுதான். அடி இல்லாத பாட்டு ஆயிடும்."

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு சுங்கை பினாங்குக்குப் பஸ் ஏறினேன். அந்த இரண்டு மெல்லிசு நரம்பும் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் என்றுதான் நினைத்தேன். நரம்பு வேறு எங்கே இருக்கும்?

மறுநாள் காலை வந்து எட்டுத் தலையணை உறையைத் துவைத்து, கஞ்சியில் முக்கி, வாளியோடு முற்றத்துக்கு வந்தேன். வந்து பார்த்தால் புதுக்கொடி. மூன்று மாதமாக நான் தம்பியிடம் புதுக்கயிறு கேட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஏய்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் வாங்கிக் கட்டிவிட்டார் என்று நினைத்து அவர் மேல் எனக்கு ஒரு நிமிடம் பாசமே வந்துவிட்டது. தூணிலிருந்து எதிர்ச் சன்னல் கம்பி வரை இரண்டு கயிறு. மஞ்சள் வெளுப்பாக, வழவழவென்று, பார்த்தால் மீன்பிடிக் கயிறு மாதிரி. நல்ல சரக்கு. ஆனால் கட்டியிருந்த லட்சணம் இருக்கிறதே, இரண்டும் தனித்தனியாக நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கியது.

ஆம்பிளை கட்டிய கொடி, வேறு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

பாட்டில் இரண்டையும் அவிழ்த்துத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினேன். கஞ்சிக் கையாலேயே இரண்டு கயிற்றையும் தலையிலிருந்து நுனிவரை நீவினேன். ஈரத்தில் அவை இளகிக் கொடுத்தன. பிறகு ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கினேன். எனக்குப் பழகின முறுக்கு, இடைவெளி தெரியாது. எதிர்ச் சன்னல் பக்கத்து ஆணியில் இழுத்துக் கட்டி, எட்டு உறையையும் முனை முனையாகச் செருகினேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கயிற்றில் ஒரு பேப்பர் கட்டியிருந்தது. இங்கிலீஷில் பெரிய பெரிய எழுத்து, அடியில் இரண்டு கோடு. நனைந்துவிடப் போகிறதே என்று அதைப் பத்திரமாக அவிழ்த்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நல்ல வெயில். பதினொரு மணிக்கெல்லாம் உறைகள் விறைத்து நின்றன.

ஒரு மணிக்கு அந்தப் பெண் மண்டபத்திலிருந்து திரும்பினாள். முற்றத்தில் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வசதி. அவள் எட்டு உறையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அக்கா, அது என் நரம்பு," என்று மட்டும் சொன்னாள்.

சத்தமே இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தம்பி கடையிலிருந்து வந்தார். கையில் கரண்டி.

"அக்கா, நரம்ப இழுத்து விட்டிருக்கு, தொடாதீங்கன்னு பேப்பர் கட்டியிருந்துச்சே, பாக்கலயா?"

"பார்த்தேன்."

"படிச்சீங்களா?"

"கையெழுத்து நல்லா இல்ல," என்றேன்.

தம்பி மேலே வானத்தைப் பார்த்தார். அவருக்கு என் படிப்பு எவ்வளவு என்று தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து அது வரவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றுவரை நன்றி சொன்னதில்லை.

"கயிறு வாங்கிக் கொடுன்னு மூணு மாசமா கேட்டேன். வாங்கியிருந்தா இது நடக்குமா?" என்று அவர் மேல் திருப்பினேன்.

"நான் என்னக்கா செஞ்சேன், நான் கொழம்புல நிக்கிறேன்."

"இப்ப ஆட்டுக் கொடல்ல எட்டு ஒற காயுது. மூணாம் நம்பர் ரூம்ல இருக்கிற அம்மா சைவம். அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"சொல்லாம விட்டுடலாம்," என்றார் தம்பி.

அப்படியே விட்டுவிட்டோம். அந்த அம்மா தலையணை உறை மொரமொரவென்று நன்றாக இருந்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போனதாகத் தம்பி பிறகு சொன்னார்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை. நான் சம்சு சாராயக் கறை எடுத்தவள், கல்யாணப் புடவையில் மைக்கறை எடுத்தவள். ஒருவர் பொருளைக் கெடுத்துக் கொடுத்தேன் என்ற பேச்சு என் வாழ்க்கையில் இல்லை. இந்தப் பெண்ணோ படியில் உட்கார்ந்து போனில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை மணி நேரம் இருந்தது. அம்மாவின் பஸ் கிளம்பிவிட்டிருந்தது.

"மீன்புடிக் கயிறு சரியா வருமா?" என்று தம்பி கேட்டார். "பக்கத்துச் சந்துல சீனன் கடை இருக்கு."

"வரும் வராது, தெரியல," என்றாள். தம்பி கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

நான் உறைகளை ஒவ்வொன்றாக உருவி மடித்தேன். கொடியைப் பிரித்துப் பழையபடி இரண்டாக்கிக் கொடுக்கலாம் என்று முறுக்கைத் திருப்பிப் பார்த்தேன். அது பிரியவில்லை. கஞ்சியும் குடலும் வெயிலும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தன. நகம் வைக்கக்கூட இடம் இல்லை. சங்கடமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு நான் செய்தது யோசித்துச் செய்ததல்ல. எங்கள் ஆட்கள் கொடியை அவிழ்ப்பதற்கு முன்னால், கட்டினதற்குப் பின்னால், ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். தொய்ந்த கயிறு தொப்பென்று சொல்லும். இழுத்து நிற்கிற கயிறு பேசும். அந்தப் பழக்கத்தில் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினேன்.

பேசியது. ஃபெர்ரி அக்கரை பட்டர்வொர்த்தில் சங்கு ஊதிக் கிளம்பும்போது இந்தக் கரையில் கேட்குமே, அந்தத் தூரத்துச் சத்தம். தூணுக்குள் இறங்கி, தரைக்குப் போய், என் குதிகால் வழியாக ஏறியது.

படியில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னொரு தடவ தட்டுங்க."

தட்டினேன்.

அவள் எழுந்து வந்து நரம்பின் மேல் காதை வைத்தாள். விரலால் உருட்டினாள், வளைத்துப் பார்த்தாள். "தடியா இருக்கு, ஆனா வெறைக்கல," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, நரம்பிடம் சொன்னாள். "எதுல முறுக்குனீங்க?"

"கையில."

"இல்லக்கா, ஈரமாவா, காஞ்சா?"

"கஞ்சியில நனச்சு. காஞ்ச கயித்த யாராச்சும் முறுக்குவாங்களா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, மூளை கலங்கிவிட்டதோ என்று. பிறகுதான் சொன்னாள். அந்தக் காலத்தில் தடித்த நரம்பை இப்படித்தான், இரண்டு குடலைக் கயிறு மாதிரி முறுக்கித்தான் செய்தார்கள் என்று படித்த சிலபேர் சொல்கிறார்களாம். அவளுக்கு அதைச் செய்து பார்க்கத் தைரியம் வந்ததில்லையாம். நல்ல நரம்பு இரண்டை யார் துணிந்து கெடுப்பார்கள்?

"நான் இருக்கேன்ல," என்றேன்.

ஆணியிலிருந்து அவிழ்த்தோம். இரண்டு நுனியையும் அவள் நூலால் இறுக்கிக் கட்டினாள். மேல் கழுத்தின் குச்சியில் ஓட்டை சின்னதாக இருந்தது. கறி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சியில் சொரசொரப்புக் காகிதத்தைச் சுற்றி அதைப் பெரிதாக்கினாள். நான் மேல் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், அவள் குடத்துப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவ்வளவு தூரம், பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. குச்சியைத் திருகத் திருக நரம்பு முனகியது. அறுந்தால் இனி வேறு இல்லை. அவள் ஒரு சுற்று திருகுவாள், நிறுத்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் கொடி கட்டுகிறவளின் முகத்தோடு, "இன்னும் தாங்கும்," என்பேன். மூன்றாம் தடவை நானே சந்தேகத்தோடுதான் சொன்னேன்.

பிறகு கட்டை விரலால் தட்டினாள். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? கொடியில் கேட்டது அதன் நிழல். குடம் கிடைத்ததும் அதற்கு வயிறு வந்துவிட்டது.

"முன்னால இருந்தத விட நல்லா இருக்கு," என்றாள் மெதுவாக.

"என்ன?"

"முன்னால இருந்தத விட நல்லா இருக்குன்னு சொன்னேன்."

எனக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

அப்போதுதான் தம்பி வந்தார், வேர்க்க விறுவிறுக்க. நாலு வகைக் கயிறு, அதோடு தூண்டில் முள் ஒரு பாக்கெட். "முள்ளு எதுக்கு?" என்று கேட்டோம். "சேர்த்துத்தான் விக்கிறான்," என்றார். நல்ல கயிறாக ஒன்றை அந்த நிமிடமே எனக்குக் கொடி கட்ட எடுத்துக்கொண்டேன்.

கச்சேரிக்கு என்னையும் வரச் சொன்னாள். மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் வரிசையில் ஈப்போ அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி. அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மகளைவிட உயரமாக நின்ற அந்த மரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காரி பாடினாள். மொழி புரியவில்லை, யாரோ விட்டுப் போய்விட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. என் கண் அவள் கட்டை விரலில்தான் இருந்தது. அது ஒவ்வொரு தடவை கீழ் நரம்புக்கு இறங்கும்போதும் நான் முந்தானையை முறுக்கினேன்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் நரம்பு கொஞ்சம் இளகிவிட்டது. அவள் நிறுத்தி, கையை நீட்டி எட்டிக் குச்சியைத் திருகினாள். முனகல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அது அறுந்துடுமா?" என்று ஈப்போ அம்மா என்னிடம் காதோடு கேட்டார்.

"அறாது. எட்டுத் தலையணை ஒற தாங்குனது," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடியின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசிப் பாட்டில் பாட்டுக்காரி ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள். வாத்தியம் மட்டும் தனியாக, மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் அந்த நரம்புக்கு வந்தது. தட்டினாள். அறவில்லை. அது நின்று, நிதானமாக, தன் பாட்டுக்கு ஒலித்து அடங்குகிற வரையில் மண்டபத்தில் யாரும் அசையவில்லை. ஈப்போ அம்மா மட்டும் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். கஞ்சி போட்டது, கொஞ்சம் குத்தியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாளியோடு முற்றத்துக்கு வந்தேன். பழைய இடத்தில், தூணிலிருந்து சன்னல் கம்பி வரை, மறுபடியும் இரண்டு நரம்பு. வாத்தியத்திலிருந்தே கழற்றியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பேப்பர். இந்தத் தடவை தமிழில். எழுத்து என்னுடையதைவிடக் கோணல். நான் அவசரப்படாமல் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன்.

அக்கா, தயவுசெய்து முறுக்கவும்.

மேலே பார்த்தேன். மாடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு தாயும் மகளும் நான் படித்து முடிக்கிற வரை காத்திருந்தார்கள். தம்பியும் கடை வாசலில் கரண்டியோடு நின்றார்.

பேப்பரை மடித்துப் பர்ஸில், அந்த இங்கிலீஷ் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னிக்குக் கஞ்சி வைக்கல," என்றேன். "வடிச்சதும் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் அதத் தொடக்கூடாது."